2 ரூபாய் ஜெராக்சில் உங்கள் ஜாதகமே இருக்கிறது! ஆதார் நகல் எங்கெங்கே போகிறது?

பாரிமுனையில் ஐகோர்ட்டுக்கு எதிரே உள்ள தெருக்களில் காலை 9 மணிக்கே ஜெராக்ஸ் மிஷின்கள் சூடாகி விடுகின்றன. கடை வாசலில் கூட்டம். பத்திரம், சர்ட்டிபிகேட், பாங்கி பாஸ்புக் என்று ஆளுக்கு ஒரு கட்டு. எல்லாக் கட்டிலும் தவறாமல் ஒரு அட்டை இருக்கிறது. அதுதான் ஆதார் அட்டை!

"முன்னாடி பின்னாடி ரெண்டும் போடுங்க. அஞ்சு காப்பி வேணும்."

கடைக்காரர் போடுகிறார். காசை வாங்கிக் கல்லாவில் போடுகிறார். கோணலாக விழுந்த காப்பி ஒன்று மட்டும் மேஜைக்கு அடியில் கிடக்கும் அட்டைப் பெட்டிக்குப் போகிறது. அதை யாரும் திருப்பிக் கேட்பது இல்லை.

அது போகட்டும். நல்லபடியாக விழுந்த 5 காப்பிகள் எங்கே போகின்றன?

ஒன்று, 2023 வரை சிம் கார்டு விற்கும் குடைக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்று, எழும்பூர் லாட்ஜுக்கு. ஒன்று, திருவல்லிக்கேணி மேன்ஷன் மானேஜரிடம். ஒன்று, வீட்டு ஓனரிடம். மிச்சம் உள்ளது, "தவணையில டி.வி. வேணுமா சார்?" என்று கேட்டு வந்த ஆசாமியிடம்.

கொடுத்தவர் அன்று மாலையே மறந்து விடுகிறார். வாங்கியவர் கட்டி வைக்கிறார். இடம் போதாமல் போனால் மூட்டை கட்டி பழைய பேப்பர் கடைக்குப் போட்டு விடுகிறார். அங்கே கிலோ கணக்கில் எடை. அங்கிருந்து பொட்டலம் மடிக்கிறவர்களுக்கு. மெரினாவில் சுண்டல் வாங்கித் தின்றவர்களுக்கு இது தெரியும். பொட்டலத்தைப் பிரித்தால் யாரோ ஒரு பையனின் பரீட்சைப் பேப்பர், யாரோ ஒருவருடைய வேலை மனு.

சுண்டலோடு போனால் சரி. வேறு கையில் சிக்கினால்?

மாற்ற முடியாத நம்பர்

அந்தக் காகிதத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

பெயர். பிறந்த தேதி. ஆணா, பெண்ணா. விலாசம். போட்டோ. 12 இலக்க நம்பர். பல அட்டைகளில் அப்பா பெயரோ, புருஷன் பெயரோ கூட இருக்கும்.

ஏ.டி.எம். கார்டு தொலைந்தால் பாங்கிக்குப் போன் செய்து நிறுத்தி விடலாம். வேறு நம்பரில் புதுக் கார்டு வந்துவிடும். வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். ஆதார் நம்பர் அப்படி இல்லை. ஆயுள் முழுக்க ஒரே நம்பர். பிறந்த தேதியையும் அப்பா பெயரையும் மாற்ற வழி ஏது!

மராட்டிய மாநிலம் நந்தூர்பார் மாவட்டத்தில் தெம்ப்லி என்ற சின்ன கிராமம். 2010-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி அங்கே தான் முதல் ஆதார் நம்பர் கொடுக்கப்பட்டது. அதன் பிறகு 130 கோடிக்கும் மேல் நம்பர்கள் கொடுத்து விட்டார்கள். ஏழைக்கு அரசாங்க உதவி நேராகப் போய்ச் சேரட்டும் என்று தொடங்கிய சமாச்சாரம். இப்போது லாட்ஜில் ஒரு ராத்திரி படுக்கவும் அதைத்தான் நீட்டுகிறார்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம்பர் தெரிந்த மாத்திரத்தில் உங்கள் பாங்கிக் கணக்கில் இருந்து யாரும் பணம் எடுத்துவிட முடியாது. ரேகை வேண்டும். அல்லது போனுக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். ஆதார் ஆணையம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. சொல்வது உண்மைதான்.

ஆனால் கில்லாடி ஆசாமிகள் நேராகப் பாங்கிக்குப் போவது இல்லை. சுற்றி வருகிறார்கள்.

ஒரே முகம், 658 சிம் கார்டு!

2023-ம் ஆண்டு ஆந்திராவில் விஜயவாடாவில் ஒரு கூத்து வெளியே வந்தது. மத்திய தொலைத்தொடர்புத் துறை ஒரு கம்ப்யூட்டர் திட்டம் வைத்திருக்கிறது. சிம் கார்டு வாங்கியவர்களின் போட்டோக்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பது அதன் வேலை. பார்த்தால், ஒரே முகம். ஒரே போட்டோ. அதன் பேரில் 658 சிம் கார்டுகள்!

ஒரு ஆள் வைத்துக்கொள்ளக் கூடிய அளவு 9 சிம் கார்டு தான்.

அதே 2023 ஆகஸ்டு மாதம் மத்திய மந்திரி ஒரு கணக்கு வெளியிட்டார். நாடு முழுவதும் துண்டிக்கப்பட்ட மோசடி இணைப்புகள் 52 லட்சம். கறுப்புப் பட்டியலில் ஏறிய சிம் விற்பனையாளர்கள் 67 ஆயிரம் பேர். தெருமுனைக் குடைக்கடைகளில் எத்தனை பேர் எத்தனை நகல்களைத் திரும்பத் திரும்ப ஓட்டியிருப்பார்கள் என்று இதிலிருந்தே ஊகித்துக் கொள்ளலாம்.

2024 ஜனவரி 1-ந் தேதி முதல் சிம் கார்டுக்குக் காகித நகல் வாங்குவதை நிறுத்தி விட்டார்கள். எல்லாம் கம்ப்யூட்டர் வழி. மோசடி நின்றதா? அதற்கும் மாற்று வித்தை வந்துவிட்டது.

"ரேகை சரியா பதியலை அண்ணே. இன்னொரு தடவை வையுங்க."

"படம் மங்கலா விழுந்திருக்கு. மறுபடி கேமராவைப் பாருங்க."

முதல் தடவை வைத்த ரேகைக்கு உங்கள் சிம். இரண்டாவது தடவை வைத்ததற்கு இன்னொரு சிம். அதுவும் உங்கள் பெயரில் தான். அது கடைக்காரர் சட்டைப் பைக்குப் போய், கைமாறி, எங்கோ ஒரு மோசடிக் கும்பலிடம் போய்ச் சேருகிறது. "டிஜிட்டல் கைது" என்று சொல்லி வயதானவர்களை மிரட்டி லட்சக்கணக்கில் கறக்கும் கும்பல்களுக்கு இப்படிப்பட்ட சிம் கார்டுகள் தான் தீனி.

பணத்தைப் பறிகொடுத்தவர் புகார் கொடுக்கிறார். போலீசார் போன் நம்பரைப் பிடித்துப் போகிறார்கள். நம்பர் யார் பெயரில் இருக்கிறது? கொருக்குப்பேட்டையில் தறுதலை இல்லாமல் குடும்பம் நடத்தும் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி பெயரில் இருக்கலாம். மேடவாக்கத்தில் தையல் மிஷின் ஓட்டும் ஒரு அம்மாள் பெயரில் இருக்கலாம். போலீசார் முதலில் தட்டுவது அவர்கள் வீட்டுக் கதவைத்தான்.

இன்னொரு ரகமும் உண்டு. தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஜி.எஸ்.டி. பாக்கி என்று நோட்டீசு வரும். தொகை லட்சத்தில் இருக்கும். சில சமயம் கோடியில் இருக்கும். அவர் பெயரில் ஒரு கம்பெனி நடந்திருக்கிறது. அவருக்கே தெரியாது! கடன் வாங்கித் தருவதாகச் சொல்லி ஆதாரும் பான் கார்டும் வாங்கிப் போன புண்ணியவான் செய்த வேலை.

பத்திரத்தில் இருந்து வந்த கட்டைவிரல்

ரேகை இருந்தால் தான் பணம் எடுக்க முடியும் என்று பார்த்தோம். ரேகையையே திருடினால்?

2018-ம் ஆண்டு தெலுங்கானாவில் அது நடந்தது. பெத்தபள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு செல்போன் கடைக்காரர். சிம் விற்பனையில் இலக்கு எட்ட வேண்டும். அவர் தேடிப் போனது பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தை. நிலம் வாங்கியவர், விற்றவர் வைத்த கட்டைவிரல் ரேகை பத்திரத்தில் அப்படியே இருக்கிறது. பக்கத்திலேயே ஆதார் நம்பரும் இருக்கிறது. பத்திரத்தை இறக்கி, ரேகையை எடுத்து, ரப்பர் ஸ்டாம்பு செய்கிற முறையில் போலிக் கட்டைவிரல் தயார் செய்தார். அதை வைத்து ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்தார். ஆதார் ஆணையத்தின் கண்ணில் பட்டு, போலீசில் மாட்டினார்.

அதன் பிறகு இதே வித்தையை வடமாநிலங்களில் பாங்கிப் பணத்துக்கும் பயன்படுத்தினார்கள். கிராமங்களில் சின்ன மிஷின் வைத்துக்கொண்டு பாங்கி ஏஜெண்டு உட்கார்ந்திருப்பார். ஆதார் நம்பரைச் சொல்லி விரலை வைத்தால் பணம். ஏ.டி.எம். கார்டு வேண்டாம். ஓ.டி.பி. வேண்டாம். கை நாட்டு வைக்கும் பாட்டிக்கு நல்ல வசதி. போலி விரல் வைத்திருக்கும் திருடனுக்கும் அதே வசதி!

நடுராத்திரியில் கதவைத் தட்டினார்கள்

இதை எல்லாம் கேட்க நமக்குச் சட்டத்தில் உரிமை உண்டா? சொந்த விஷயம், அந்தரங்கம் என்று ஒன்றைச் சட்டம் ஒப்புக்கொள்கிறதா?

இந்தக் கேள்வி ஒரு கதவு தட்டல் விவகாரத்திலும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

உத்தரபிரதேசத்தில் கரக்சிங் என்பவர். 1941-ம் ஆண்டு ஒரு கொள்ளை வழக்கில் பிடித்துப் போனார்கள். சாட்சியம் இல்லை. விட்டு விட்டார்கள். ஆனால் போலீசார் அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்து விட்டார்கள். ராத்திரியில் வீட்டுக்கு வருவார்கள். கதவைத் தட்டுவார்கள். கூச்சல் போட்டு எழுப்புவார்கள். வெளியூர் போவதானால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். மனிதர் எத்தனை நாள் பொறுப்பார்? கோர்ட்டுக்குப் போனார்.

1962-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி 6 நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். ராத்திரியில் வீட்டுக்குப் போய்த் தட்டுவது சட்ட விரோதம், நிறுத்து என்றார்கள். அதே தீர்ப்பில், அந்தரங்க உரிமை என்று ஒன்று நமது அரசியல் சட்டத்தில் கிடையாது என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லி விட்டார்கள். நீதிபதி சுப்பாராவ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தனியாகத் தீர்ப்பு எழுதினார்.

பிற்காலத்தில் அரசாங்க வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத்தான் துருப்புச் சீட்டாக வைத்திருந்தார்கள்.

ஆட்டோ சங்கர் வாங்கிக் கொடுத்த உரிமை

அடுத்த கட்டம் நமது சென்னையில் நடந்தது. அதுவும் யாரால்? சாட்சாத் ஆட்டோ சங்கரால்!

திருவான்மியூர் ஆட்டோ சங்கரைத் தெரியாதவர்கள் பழைய சென்னைவாசிகளில் இருக்க முடியாது. சாராயம், விபசாரம், 6 கொலைகள். 1988-ல் பிடிபட்டான். 1990-ல் சென்னை மத்திய சிறையில் இருந்து கம்பி நீட்டினான். ஒரிசாவில் ரூர்கேலாவில் மடக்கினார்கள். 1991-ல் செங்கல்பட்டு கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது.

சிறையில் இருந்தபோது அவன் தன் கதையை எழுதி மனைவி மூலம் வெளியே அனுப்பியதாகவும், "நக்கீரன்" பத்திரிகை அதை வெளியிடப் போவதாகவும் செய்தி வந்தது. தன்னோடு பழகிய போலீஸ் அதிகாரிகள் யார், யார் என்பது எல்லாம் அதில் இருந்ததாம். மேலிடத்தில் கலக்கம். 1994-ம் ஆண்டு ஜூன் மாதம் சிறைத்துறை ஐ.ஜி. பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இது பொய், சங்கர் எழுதியது அல்ல, வெளியிட்டால் சட்ட நடவடிக்கை என்று எச்சரித்தார். பத்திரிகை ஆசிரியர் ராஜகோபால் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

1994 அக்டோபர் 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி ஜீவன் ரெட்டி.

'என்னை என்பாட்டுக்கு விடு' என்று சொல்லும் உரிமை ஒவ்வொரு மனிதனுக்கும் உண்டு. அது உயிர் வாழும் உரிமைக்குள்ளேயே அடங்கி இருக்கிறது. ஒருவருடைய குடும்பம், கலியாணம், பிள்ளைப்பேறு, படிப்பு போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. கோர்ட்டு ரிக்கார்டு மாதிரி பொதுப் பதிவில் ஏறிவிட்டதை மட்டும் எழுதலாம். இதுதான் தீர்ப்பின் சாரம். அப்படியே, அதிகாரிகள் முன்கூட்டியே பத்திரிகையைத் தடுக்க முடியாது, வந்த பிறகு வழக்குப் போட்டுக் கொள்ளட்டும் என்றும் சொன்னார்கள்.

6 மாதம் கழித்து, 1995 ஏப்ரல் 27-ந் தேதி சேலம் சிறையில் ஆட்டோ சங்கரைத் தூக்கில் போட்டார்கள். அவன் பெயர் பிரபலப்படுத்திய வழக்கு இன்னும் சட்டக் கல்லூரிகளில் பாடம்!

86 வயதில் வழக்குப் போட்ட நீதிபதி

அப்புறம் ஆதார் வந்தது. கர்நாடக ஐகோர்ட்டு நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற புட்டசாமி, 2012-ம் ஆண்டு அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். அப்போது அவருக்கு வயது 86.

மத்திய அரசு பழைய துருப்புச் சீட்டை இறக்கியது. 1954-ல் 8 நீதிபதிகளும், 1962-ல் 6 நீதிபதிகளும் அந்தரங்க உரிமை இல்லை என்று சொல்லி விட்டார்களே, நீங்கள் எப்படி மாற்றுவீர்கள் என்று கேட்டது. 8 பேர் தீர்ப்பை மாற்ற 9 பேர் வேண்டும். உட்கார்ந்தார்கள் 9 பேர்!

2017 ஆகஸ்டு 24. ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை தான். கரக்சிங் வழக்கில் அது இல்லை என்று சொன்ன பகுதி தவறு. 55 வருஷம் கழித்து சுப்பாராவ் பக்கம் நியாயம் என்று ஆனது.

2018 செப்டம்பர் 26-ல் ஆதார் வழக்கின் தீர்ப்பு. 5 நீதிபதிகளில் 4 பேர் ஆதார் செல்லும் என்றார்கள். ஆனால் கட்டுப்பாடு போட்டார்கள். பாங்கிக் கணக்குக்கு ஆதார் கட்டாயம் இல்லை. சிம் கார்டுக்குக் கட்டாயம் இல்லை. தனியார் கம்பெனிகள் கட்டாயப்படுத்தக் கூடாது. வருமான வரி பான் கார்டுக்கும், அரசாங்க மானியத்துக்கும் மட்டும் வேண்டும்.

இன்னொரு கூத்தையும் அந்தத் தீர்ப்பு சரிசெய்யச் சொன்னது. 2016-ம் ஆண்டு ஆதார் சட்டப்படி, உங்கள் ஆதாரை ஒருவன் தவறாகப் பயன்படுத்தினால் கோர்ட்டில் புகார் கொடுக்கும் உரிமை ஆணையத்துக்குத்தான் இருந்தது. பறிகொடுத்த உங்களுக்கு இல்லை! 2019-ல் சட்டத்தைத் திருத்தி, ஆள்மாறாட்டம், விவரம் வெளியிடுதல் ஆகிய குற்றங்களுக்குச் சம்பந்தப்பட்டவரும் புகார் செய்யலாம் என்று மாற்றினார்கள்.

புட்டசாமி 2024 அக்டோபரில் 98-வது வயதில் காலமானார்.

ரூ.250 கோடி அபராதம்! ஆனால் யாருக்கு?

கோர்ட்டு சொல்லி 6 வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில் சட்டம் வந்தது. பெயர், டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். விதிகள் வர இன்னும் 2 வருஷம். 2025 நவம்பரில் தான் வெளியிட்டார்கள். அப்போதும் முக்கியமான பிரிவுகளுக்கு 18 மாதம் கெடு கொடுத்தார்கள். அதாவது 2027 மே மாதம்.

சட்டம் சொல்வது மேலுக்கு நன்றாகவே இருக்கிறது. விவரம் வாங்குகிறவன், எதற்கு வாங்குகிறேன் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழிலும் கேட்டு வாங்கலாம். சம்மதத்தை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். வேலை முடிந்தால் அழித்துவிட வேண்டும். விவரங்கள் திருட்டுப் போனால் உங்களுக்கும், அதற்கென்று அமைக்கும் வாரியத்துக்கும் தாமதம் இல்லாமல் சொல்ல வேண்டும். காபந்து செய்யத் தவறிய கம்பெனிக்கு ரூ.250 கோடி வரை அபராதம்.

அடேயப்பா, ரூ.250 கோடியா? உங்களுக்கு அதில் எவ்வளவு?

ஒரு பைசா கிடையாது! அபராதம் முழுவதும் மத்திய அரசு கஜானாவுக்கு. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. கம்பெனியின் அலட்சியத்தால் விவரம் பறிபோய் நஷ்டம் அடைந்தவர், அந்தக் கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்க அது வழி செய்தது. 18 மாதக் கெடு முடியும்போது அந்தப் பிரிவையும் எடுத்து விடுவதாகப் புதுச் சட்டத்திலேயே எழுதி இருக்கிறார்கள். பொய்ப் புகார், அற்பப் புகார் என்று வாரியம் நினைத்தால் புகார் கொடுத்தவருக்கு ரூ.10 ஆயிரம் வரை அபராதம் போடலாம். பறிகொடுத்தவனுக்கு வரவு இல்லை, செலவுக்கு மட்டும் வழி இருக்கிறது.

அடுத்தது தான் பாரிமுனை ஜெராக்ஸ் கடைக்குச் சம்பந்தப்பட்டது. இந்தச் சட்டம் கம்ப்யூட்டரில் இருக்கும் விவரத்துக்குத்தான். காகிதத்தில் வாங்கினால், பிறகு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் மட்டுமே சட்டம் எட்டிப் பார்க்கும். காகிதமாகவே பீரோவில் கிடந்தால்? மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போனால்? இந்தச் சட்டத்தில் கேள்வி இல்லை.

எழும்பூர் லாட்ஜு ரிஜிஸ்தரும் சுண்டல் பொட்டலமும் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

அரசாங்கத் துறைகளுக்கும் தனிச் சலுகை உண்டு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் விலக்கு கொடுத்து மத்திய அரசு அறிவிக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் இதே சட்டம் கை வைத்தது. சொந்த விவரமாக இருந்தாலும் பொதுநலன் கருதிக் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் 2025 நவம்பரில் போய்விட்டது. கம்பெனிக்கு 18 மாதம் அவகாசம். இதற்கு மட்டும் ஒரு நாள் கூட அவகாசம் இல்லை!

போலீஸ் கம்ப்யூட்டரிலேயே கைவரிசை

அரசாங்கத்திடம் இருந்தால் பத்திரம் தானே என்று கேட்கலாம். 2024 மே மாதம் தமிழக போலீசார் பயன்படுத்தும் முக அடையாள மென்பொருளுக்குள்ளேயே வெளி ஆசாமி புகுந்து விட்டான். குற்றவாளிகளின் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஒரு பாஸ்வேர்டு களவு போனதால் வந்த வினை. திருடனைப் பிடிக்க வைத்திருந்த பெட்டியிலேயே திருட்டு!

வாடகை வீட்டு விவகாரமும் இங்கே உண்டு. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் பாங்கிக் கொள்ளையர் என்று சந்தேகிக்கப்பட்ட 5 பேர் ஒரு வாடகை வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு, குடியிருப்போர் விவரங்களை வீட்டுக்காரர்கள் போலீசில் கொடுக்க வேண்டும் என்று சென்னை போலீஸ் கமிஷனர் உத்தரவு போட்டார். போலீசாருக்குக் காரணம் இருக்கிறது. குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்து போன பிறகும் அந்த நகல் வீட்டுக்காரர் அலமாரியில் ஏன் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் காரணம் தெரியவில்லை.

இரண்டே நாளில் வாபஸ்

2022 மே 27-ந் தேதி ஆதார் ஆணையத்தின் பெங்களூர் ஆபீசு ஒரு அறிக்கை விட்டது. ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்தலாம் என்றது. ஓட்டல்கள், சினிமா தியேட்டர்கள் நகல் வாங்கி வைக்க அனுமதி இல்லை என்றது. நாடு முழுவதும் பரபரப்பு. இத்தனை வருஷமாகக் கொடுத்து விட்டோமே என்று ஜனங்கள் பதறினார்கள். 29-ந் தேதி மத்திய அரசு அறிக்கையை வாபஸ் வாங்கியது. தவறாகப் புரிந்துகொள்ள இடம் இருக்கிறது, வழக்கமான ஜாக்கிரதை போதும் என்றது!

ஆனால் அந்த அறிக்கை சொன்ன ஒரு யோசனை இன்றும் செல்லும். ஆணையத்தின் இணையதளத்திலேயே மறைப்பு ஆதார் என்று ஒன்று கிடைக்கிறது. முதல் 8 இலக்கம் மறைந்திருக்கும். கடைசி 4 மட்டும் தெரியும். லாட்ஜுக்கு அது போதும். நம்பருக்குப் பதிலாக 16 இலக்கத் தற்காலிக நம்பர் ஒன்றும் எடுக்கலாம். வேண்டாம் என்றால் மாற்றிக் கொள்ளலாம்.

விரல் ரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது. அதே இணையதளத்தில் அல்லது ஆதார் செயலியில் பூட்டி விட்டால் பத்திரத்தில் இருந்து எடுத்த ரப்பர் விரல் வேலை செய்யாது. ரேஷன் கடையில் ரேகை வைக்கிறவர்கள் மட்டும், போகும் முன்பு பூட்டைத் திறக்க மறக்கக் கூடாது. மறந்தால் கடைக்காரரோடு தகராறு தான். சந்தேகம் இருந்தால் ஆதார் ஆணையத்தின் போன் நம்பர் 1947.

காகித நகல் தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்களா? டிரைவிங் லைசென்ஸ் காட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால், நகலின் குறுக்கே பேனாவால் "இன்ன லாட்ஜில் தங்குவதற்கு மட்டும்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுங்கள். எழுத்து போட்டோவின் மேலும் நம்பரின் மேலும் விழட்டும். அந்த நகலை இன்னொரு வேலைக்கு ஓட்டுவது கஷ்டம். ஓட்டல், லாட்ஜுகளில் ஜெராக்ஸ் வாங்குவதையே நிறுத்த விதி வரப்போவதாக 2025 டிசம்பரில் ஆணையத்தின் தரப்பில் சொன்னார்கள்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டு ஓடுகிறது என்று பார்க்க மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" இணையதளம் இருக்கிறது. போன் நம்பரைப் போட்டால் பட்டியல் வரும். தெரியாத நம்பர் இருந்தால் 'இது என்னுடையது அல்ல' என்று அங்கேயே புகார் செய்யலாம். ஒரு டீ குடிக்கும் நேரம் கூட ஆகாது.

பணமே போய்விட்டால் முதலில் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். கம்பெனிக்கு மனு, வாரியத்துக்குப் புகார் எல்லாம் அப்புறம். புதுச் சட்டப்படி உங்கள் புகாருக்குப் பதில் சொல்ல கம்பெனிக்கு 90 நாள் வரை நேரம் உண்டு. 1930-ல் சொன்னால், திருடன் அடுத்த கணக்குக்குப் பணத்தை மாற்றுவதற்குள் பாங்கியில் நிறுத்திவைக்கப் பார்ப்பார்கள். போன் செய்யும்போது பாங்கிக் கணக்கு நம்பர், பணம் போன நேரம், தொகை மூன்றும் கையில் இருக்கட்டும்.